சும்மா கிடக்கிற இடம்

மழை வந்துவிடுமோ என்று வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் நகர்வாசிகளே,

போன செவ்வாய்க்கிழமை நம் உள்ளாட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம். டீ ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டது. நம் பூங்கா நிலத்தில் வணிக வளாகம் கட்டப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "இடம் சும்மா கிடக்குதுங்க" என்றார்கள்.

சும்மா கிடக்கிறதாம்! பதினோரு வருஷமாக அந்த கேட்டுக்குப் பூட்டுப் போட்டு வைத்தது யார்? அடுத்தவன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வீடு சும்மா கிடக்கு, நான் எடுத்துக்கிறேன்" என்கிறவனுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. தாய்மார்கள் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

அந்த நிலம் வானத்திலிருந்து விழவில்லை. நம் மாநிலத்தில் ஓ.எஸ்.ஆர். என்று ஒரு விதி இருக்கிறது, திறந்தவெளி ஒதுக்கீடு. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், நம் கணக்கில் 74 சென்ட், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. அதற்கு மேலே போனால் பணம் செல்லாது, மண்ணாகவே தர வேண்டும். நம் நகர் ஒன்பது ஏக்கர். ஆகவே மண்ணாகத்தான் தந்தார் மனை போட்டவர். எந்த மண்ணை? மழைநீர்க் கால்வாய் ஓரத்தில், மாட்டு வால் மாதிரி ஒரு துண்டு. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே மாடே வரவில்லை, வால்தான் வந்தது! அதன் விலையையும் நம் மனை விலையிலேயே ஏற்றிவிட்டார். பத்திரத்தில் தானம் அவர் பெயரில். பணம் போனது நம் பையிலிருந்து. அந்த வாலைத்தான் இப்போது அறுக்கிறார்கள்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கிறதே என்று காட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சார், பூங்கான்னுதான் எழுதியிருக்கு. பூங்கா இருக்குன்னு எழுதலையே" என்றார். தமிழாசிரியராகியிருக்க வேண்டியவர்.

வரப்போவது கடைகள், ஆனால் எதிர்த்தரப்பின் வாதம் என்ன? "வீடு வேணுமா, புல்லு வேணுமா?" அவ்வளவுதான், இதற்கு ஒரு மைக், ஒரு சால்வை. வீடு வேண்டாம் என்று எவன் சொன்னான்? 2019 கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை, ஒன்றரையிலிருந்து இரண்டாக ஏற்றினார்கள். உயரமான அடுக்குமாடிக்கு மூன்றேகால் வரை போகலாம் என்றார்கள். நாங்கள் கொடி பிடித்தோமா? மேலே போங்கள் ஐயா, வானம் காலியாகத்தான் இருக்கிறது! கீழே குழந்தை ஓட வேண்டிய மண்ணில் ஏன் கை வைக்கிறீர்கள்?

இந்தச் 'சும்மா' இன்று வந்த சொல் அல்ல. சென்னைக்குள் போய்ப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் எங்கே? முகப்பேரில் 'ஏரி ஸ்கீம்' என்றே பெயர். கொன்றுவிட்டு, செத்தவர் பெயரையே தெருவுக்கு வைக்கிற மரியாதை நம்மவர்களுக்கு மட்டும்தான் வரும். கோடையில் ஏரி வற்றிக் கிடந்தால் இவர்கள் கண்ணுக்கு அது சும்மா. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சும்மா, அதனால் குப்பையைக் கொட்டினார்கள். 2022-இல் அதை ராம்சார் பட்டியலில் சேர்த்து, உலகத்துக்கே முக்கியமான நிலம் என்று அறிவித்தார்கள். அதற்குள் கால்வாசி கூட மிஞ்சவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியில், பள்ளிக்கரணையில், முடிச்சூரில் தெருவில் படகு விட்டார்கள். தண்ணீர் பத்திரம் படிக்காது. அது தன் பழைய வீட்டைத் தேடி வந்தது. நம் தெருவில் முழங்கால் வரை நின்ற அந்தத் தண்ணீர் முதலில் எங்கே போய் இறங்கியது? அந்தச் சும்மா கிடக்கிற இடத்தில்! மூன்று நாள் அது சும்மாவா கிடந்தது?

வணிக வளாகம் மக்களுக்கு நல்லதுதானே என்பார்கள். பெங்களூரில் ஆஸ்பத்திரியே கேட்டார்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை முதலமைச்சர் சொல்லி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உயிர் காக்கிற ஆஸ்பத்திரிக்கே கிடைக்காத பூங்கா, இவர்களுடைய பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் கிடைக்குமா? வாடகை யார் பைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது குறுக்குத் தெருவில் ஒரு பையன். ரோட்டில் விளையாடும்போது அவன் அடித்த பந்து கேட்டைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. என்னிடம் வந்து, "தாத்தா, அது யாரோட இடம்?" என்றான். பதினோரு வருஷம் நம் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறேன், எனக்குக் கோபத்தில் வாய் அடைத்துப் போயிற்று. உன்னோடதுடா என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது!

நாளை காலை ஏழு மணிக்குத் தானப்பத்திர நகலோடு அந்த கேட்டுக்கு முன்னால் நிற்கப் போகிறேன். சாவி வைத்திருக்கிறவர் எடுத்துக்கொண்டு வரட்டும். நீங்களும் வாருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பந்து இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.