முதலில் பாயிண்ட், பிறகு டைமிங்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. அப்பாவின் அம்பாசடர் கார் எனக்கு நடத்திய ஒரு பாடத்தைத்தான் சொல்லப் போகிறேன். 2014-இல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. எங்களுடையது பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பிளக்கில் பொறி விழும், அவ்வளவுதான்.

கலவை எரிந்து முடியக் கொஞ்சம் நேரம் வேண்டும். 3000 ஆர்.பி.எம்.-இல் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். ரொம்ப முந்தினால் என்ஜின் 'நாக்' அடிக்கும். பிந்தினால் இழுவை குறையும், சூடு ஏறும்.

இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கையை வைத்தேன். மறுநாள் அப்பா, அம்மாவோடு ஏற்காடு பயணம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழைக்கூடத் தாண்டவில்லை, ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின்னால் வந்த வேன் டிரைவர், வயதானவர், வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "தம்பி, டைமிங் வச்ச பிறகு பாயிண்ட்டைத் தொட்டீங்களா?" என்று கேட்டார். தொட்டிருந்தேன். அகன்றிருந்த இடைவெளியைக் கடைசியில்தான் குறைத்தேன். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பிந்திவிடும். என்ஜின் ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை அவர் துளி திருப்பினார். வண்டி மலை ஏறியது. "என்ன படிச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை!

தம்பிகளே, வரிசை இதுதான். முதலில் பிளக்: இந்த என்ஜினுக்கு 0.025 அங்குலம். ஓர மின்முனையை மட்டுமே வளைக்க வேண்டும், நடு முனையைத் தொடவே கூடாது. அடுத்து பாயிண்ட்: கேம் அதை முழுதாகத் தூக்கி நிற்கும்போது 0.015 அங்குலம். கடைசியாக டைமிங். 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்க, புல்லிக் குறியைச் சேர்த்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு ஒன்றை இணைத்து, இக்னிஷனைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் பக்கம் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பல்பு எரியும் இடத்தில் நிறுத்தி முடுக்குங்கள். புத்தகக் கணக்கு அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு எழுதியது. அதனால் ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்துக் காதையும் கேளுங்கள்.

கல்லூரி எனக்கு 'ஏன்' என்பதைச் சொல்லிக்கொடுத்தது. 'எதற்குப் பிறகு எது' என்பதை அந்த டிரைவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டவன்.