விலை தெரியாதவரா சிறு ரப்பர் விவசாயி?

இத்துறையில் எனக்கு முன்பே உழைத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்க, இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்கும் பெருமையோடு சிறிது தயக்கமும் சேர்ந்தே வருகிறது.

சிறு ரப்பர் விவசாயிகளுக்கு உலக விலையைக் கற்பிப்பது என்ற பொதுத் தலைப்பை அமர்வுகள் விரிவாகப் பேசும். பாங்காக், சிங்கப்பூர், ஷாங்காய் சந்தைகளும், கச்சா எண்ணெய்க்கும் செயற்கை ரப்பருக்கும் உள்ள உறவும் நீங்கள் அறிந்தவை. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: சிறு விவசாயிக்கு விலை புரியவில்லை என்று முடிவுகட்டியது யார்?

விடைக்குப் பழைய கதை ஒன்று உதவும். ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய 1934ஆம் ஆண்டின் சர்வதேச ரப்பர் ஒப்பந்தத்தில் மலாயாவின் சிறு தோட்டக்காரர்களுக்கு அவர்களது உண்மை விளைச்சலுக்குக் குறைவான ஒதுக்கீடே கிடைத்தது. புதிய நடவுக்கும் தடை வந்தது. மறுநடவுதான் வழி என்றானபின், எஸ்டேட் பழைய மரங்களை அகற்றி மறுநடவு செய்துவிட்டு, அவை பால் தரும்வரை காத்திருக்கும். இரண்டு ஏக்கர்காரர் அத்தனை ஆண்டுகள் எதைத் தின்பார்? பொருளியலாளர் பி. டி. பாயர் 1946இல் அத்தோட்டங்களை நேரில் பார்த்து எழுதிய அறிக்கையையும் 1948இல் வெளியிட்ட ரப்பர் தொழில் பற்றிய நூலையும் நாம் திறப்பதே இல்லை. அவருடைய பிற்காலப் பொருளியல் கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சிறு விவசாயி விலையைப் பார்த்தே பால் வெட்டுகிறார் என்ற அவரது வாதத்தை இதுவரை யாரும் எனக்கு மறுத்துக் காட்டவில்லை.

நம் குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பக்கத்தில் விலை விழுந்தபோது விவசாயிகள் பால்வெட்டை நிறுத்தியதைச் சந்தை அறியாமை என்று மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் முன்பு எழுதினார். அவருடைய கள உழைப்பை மதிக்கிறேன்; முடிவை ஏற்க இயலவில்லை. கோட்டயச் சந்தையில் ஆர்.எஸ்.எஸ். 4 ரக ஷீட் ரப்பர் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. வெட்டுக்கூலி கொடுத்தபின் மிச்சமில்லை என்று கத்தியைக் கீழே வைத்தவர் கணக்குத் தெரிந்தவர்.

நடவு விஷயத்தில் மட்டும் சந்தை அறியாமை உண்டு என்று நண்பரோடு உடன்படுகிறேன். விலை ஏறிய அதே ஆண்டுகளில் வடகிழக்குத் தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கன்றுகள் நடப்பட்டன. ஏறக்குறைய ஏழாண்டு கழித்து அவை பால் தரும் என்பது நம் ஊர்த் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நம் கடமை.

மற்றபடி சிறு விவசாயிக்கு வேண்டியது, பாங்காக் விலை தன் ஊர்க் கடைக்கு வந்து சேரும் கணக்கு. டாலர் மதிப்பு, கப்பல் கூலி, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய் இவற்றில் குறைவான இறக்குமதி வரி, அதன்பின் தரம். வியாபாரி கண்ணால் பார்த்தே ஷீட்டைத் தரம் பிரிக்காத ‘லாட்’ என்று ஒதுக்கினால் அவர் எதைக் காட்டி மறுப்பார்? பாலாக விற்பவருக்கு டி.ஆர்.சி. எனும் உலர் ரப்பர் அளவு ஒரு சதவீதப் புள்ளி குறைத்து எழுதப்பட்டால் நூறு கிலோ பாலில் ஒரு கிலோ ரப்பர் போயிற்று. நான் பார்த்த பாடத்திட்டங்கள் விலை வரைபடங்களை விளக்கிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போகின்றன.

ஆகவே பாடத்திட்ட அமர்வில் தரச் சோதனையும் வரிக் கணக்கும் முதலில் வரட்டும். முன்பேர வணிகம் பிறகு வரலாம். மறுப்போர் பாயரின் அறிக்கையைப் படித்துவிட்டு மறுக்குமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.