பெட்டி பிறேமை வெட்ட முன்னம்



செட்டிகுளம் முகாமில் இருந்து மாந்தை மேற்குக்கு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளை குட்டிகளை வளர்த்துவிட்டு இப்போது முசலிக்குத் திரும்பியவர்களும் இருக்கிறீர்கள். வளவைத் துப்புரவாக்கி, கிணறு இறைத்து முடிந்ததும் எல்லோருக்கும் வருகிற அடுத்த கேள்வி, சாமான் ஏற்ற வாகனம் எங்கே என்பதுதான். மீன் ஏற்றுகிற சைக்கிள், லான்மாஸ்டர் பெட்டி, பழைய மோட்டார் சைக்கிள் என்று கிடைத்ததைத் திருத்தித்தான் ஓட வேண்டியிருக்கிறது. கராஜுக்குக் கொடுக்கக் காசில்லாததால் முற்றத்திலேயே வெட்டி ஒட்டத் தொடங்குகிறோம். வெட்டுவதற்கு எந்தக் கருவி நல்லது என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னம் வெட்டப்போகிற இரும்பைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

பிறேமில் உக்கின பகுதியை எடுத்தால், அந்த இடத்துக்குப் போட இன்னொரு துண்டு வேண்டும். காணியிலோ காட்டோரத்திலோ கிடக்கிற குழாயை எடுத்து வந்தால் காசு மிச்சம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணும் கறளும் ஏறிவிட்டால் செல்லையும் தண்ணீர்க் குழாயையும் பிரித்தறிவது எனக்கே கஷ்டம். நான் இருபது வருடத்துக்கு மேல் இரும்போடு வேலை செய்கிறவன். கறள் பிடித்தால் உள்ளே இருக்கிற மருந்து செத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது பிழை. வாள் போடும்போது வருகிற சூடும் அதிர்வும் அதற்குப் போதும். ஒரு பக்கம் மூடியது, செட்டை வைத்தது, அளவுக்கு மீறிக் கனமானது எதைக் கண்டாலும் கை வைக்காமல், வந்த வழியாலேயே திரும்பி, கிராம அலுவலரிடம் அல்லது பொலிஸில் சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும், இரண்டு வாயும் திறந்து, கண்ணை வைத்துப் பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிகிற குழாயை மட்டும் வாங்குங்கள்.

எண்ணெய்த் தாங்கி, அடைத்த பரல், சொக் அப்சோபர் ஆகிய மூன்றையும் வீட்டில் வெட்டவே வேண்டாம். தாங்கி வெறுமையாக இருந்தாலும் உள்ளே பெற்றோல் ஆவி இருக்கும்.

இன்னொன்று செசி இலக்கம். மோட்டார் சைக்கிளில் அது அநேகமாக ஹாண்டிலுக்குக் கீழே, பிறேமின் கழுத்தில் அடித்திருக்கும். அந்த இடத்தை வெட்டவும் கூடாது, அரத்தால் தேய்க்கவும் கூடாது. பதிவுப் புத்தகத்தை இடப்பெயர்வில் தொலைத்தவர்களுக்கு, வாகனம் தங்களுடையது என்று காட்ட மிஞ்சியிருப்பது அந்த இலக்கம்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போனாலும் அது தேவைப்படும். வேலை தொடங்க முன்னம் எண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே கடதாசியை வைத்து பென்சிலால் உரசிப் பிரதி எடுத்து வையுங்கள். கழுத்து, பின் சில்லைத் தாங்குகிற கவர், பெட்டியை இழுக்கிற கொளுவி ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் கடன்பட்டாவது நல்ல வெல்டரிடம் கொண்டுபோங்கள். ஓடும்போது அவை கழன்றால் உயிர் போகும்.

மற்றப் பகுதிகளை வீட்டில் பார்க்கலாம். நம் கரையில் உப்புக் காற்று. மீன் பெட்டியில் இருந்து ஒழுகுகிற தண்ணீரும் உப்பு. அதனால் பிறேம் வெளியே பெயின்ரோடு நன்றாகத் தெரியும், உள்ளே பேப்பர் போல் மெலிந்திருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், உக்கினது சத்தம் அடைக்கும். சத்தம் மாறுகிற இடத்தில் இருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினால்தான் ஒட்டு பிடிக்கும்.

இப்போது வாள். கரண்ட் இல்லாத இடங்களுக்கு அக்சோ வாள்தான் முதல் கருவி. கரண்ட் உள்ள இடத்திலும் அதையே முதலில் வாங்கச் சொல்வேன். வாங்கும்போது பிளேட்டில் எழுதியிருக்கிற எண்ணைப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதுதான் அது. 3 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள தகட்டுக்கும் சைக்கிள் குழாய்க்கும் 32 பல். 3 முதல் 6 வரை, அதாவது பெட்டியின் அங்கிள் அயனுக்கு, 24 பல். அதைவிடத் தடித்ததற்கு 18 பல். எப்போதும் மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் இரும்பில் பட வேண்டும். இல்லாவிட்டால் பல் மாட்டி உடையும். கடையில் பெரும்பாலும் எடுத்துத் தருவது 24. மெல்லிய குழாயை அதால் வெட்டி, பல் போனதும் பிளேட் கூடாது என்று ஏசுகிறோம்.

பல் முன்னுக்குப் பார்க்கும்படி பூட்டுங்கள். தள்ளும்போது அழுத்தி, இழுக்கும்போது விட்டுவிட வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது தரம் போதும். அவசரப்பட்டால் பிளேட் சூடாகிப் பல் மழுங்கும். அங்கிள் அயனை நிறுத்தி வைக்காமல் படுக்க வைத்து வெட்டினால் கூடுதலான பல் படும். பாதியில் பிளேட் உடைந்தால் புதியதைப் பழைய வெட்டுக்குள் விடாதீர்கள், இறுகிவிடும். இரும்பைப் புரட்டி மறுபக்கத்தால் தொடங்குங்கள். வில்லுத் தகட்டுக்கு இந்த வாள் பாயாது. அதில் பிளேட்டை வீணாக்க வேண்டாம்.

கிறைண்டர் கெதியாக வெட்டும். பிழைத்தால் கையையும் அப்படியே வெட்டும். நாலு அங்குலக் கிறைண்டர் வீட்டு வேலைக்குப் போதும். வெட்டுகிற டிஸ்க் 1 மில்லிமீற்றர் அளவில் மெல்லியது, தேய்க்கிறது 6 அளவில் தடித்தது. மெல்லியதால் பக்கவாட்டில் தேய்த்தால் உடைந்து பறக்கும். டிஸ்க்கில் அடித்திருக்கிற சுற்று எண்ணிக்கை கிறைண்டரில் இருப்பதைவிடக் குறையக்கூடாது. காவல் மூடியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல டிஸ்க்கைப் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த டிஸ்க் தாங்குவது எட்டாயிரத்துச் சொச்சம் சுற்று, சின்னக் கிறைண்டர் சுற்றுவதோ பதினோராயிரம். டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் திகதி இருக்கும். ஈரம் பட்டதையும் எறிந்துவிடுங்கள்.

சாரத்தோடு கிறைண்டர் பிடிக்க வேண்டாம், காற்சட்டை போடுங்கள். கண்ணாடி போடுங்கள். ஒரு நிமிட வேலைதானே என்று நான் போடாமல் விட்டு, பொறி பட்டு, இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சோளகக் காற்று வீசும் காலத்தில் பொறி தூரம் பறக்கும். நம் வீடுகள் இன்னும் கிடுகும் தறப்பாளும்தான். காற்று வீடு இருக்கும் பக்கத்தில் இருந்து உங்கள் பக்கம் வருகிறதா என்று பார்த்து இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். வெள்ளி நிறத்தில் நாகம் பூசிய குழாயாக இருந்தால், ஒட்டுகிற இடத்துப் பூச்சை வெளியில் வைத்துத் தேய்த்து எடுங்கள். அந்தப் புகை காய்ச்சல் தரும்.

ஆளைப் பிடித்து வேலை செய்விக்கிற சகோதரிகளும் இதையெல்லாம் கேட்கலாம். "தம்பி, மூடி எங்கே? எவ்வளவு தூரம் தள்ளி வெட்டினீர்கள்?" என்று கேட்டால் எவரும் கோபிக்கமாட்டார்.

ஒவ்வொரு வீடும் கிறைண்டர் வாங்கத் தேவையில்லை. அக்சோவும் இரண்டு அரமும் வீட்டில் இருக்கட்டும். கிறைண்டரும் ஜெனரேற்றரும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மீனவர் சங்கத்துக்கோ பொதுவாக ஒன்று போதும். யார் கொண்டுபோனது என்று எழுதுகிற கொப்பியில் எத்தனை டிஸ்க் மீதி என்றும் எழுதுங்கள். கண்ணாடியைக் கிறைண்டரோடு சேர்த்துக் கட்டியே கொடுத்தனுப்புங்கள்.