தலைப்புக்கு ஏற்ற உடை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் சார்பா நீ பத்து நிமிஷம் பேசுடா" என்றார் நம் செயலாளர். என் வகுப்புத் தோழர், மறுக்க முடியவில்லை. இன்று மாலை கலை நிகழ்ச்சிக்கு 'பாரம்பரிய உடை' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு நியூயார்க் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில், வழக்கமாக மே மாதம் முதல் திங்கட்கிழமை 'மெட் காலா' என்றொரு விருந்து நடக்கிறது. அங்குள்ள ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்ட 1948-ல் தொடங்கியது. அன்று நுழைவுச் சீட்டு 50 டாலர். 2025-ல் 75,000 டாலர்! ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் என்று வருகிற எல்லாரும் அதற்குத் தாம் கண்ட பொருளை உடுத்திக்கொண்டு படியேற வேண்டும். நம்ம வைவா மாதிரிதான். கேள்வி ஒன்று, பதில் ஆளுக்கொன்று.

சிலர் நேர்ப்பொருள் கொள்வார்கள். 2018-ல் கத்தோலிக்கக் கற்பனை என்பது தலைப்பு. பாடகி ரிஹானா, போப்பாண்டவர் அணிவது போன்ற உயர்ந்த முடியோடு வந்தார். 2016-ல் கையும் இயந்திரமும். நடிகை கிளேர் டேன்ஸின் கவுனில் ஒளியிழை நெய்து, உள்ளே 30 சிறு பேட்டரி வைத்திருந்தார்கள். இருட்டில் உடை ஒளிர்ந்தது. எஞ்சினியருக்குப் பிடிக்காமல் போகுமா?

சிலர் ஒரு படி கூடுதலாக யோசிப்பார்கள். 2024-ல் 'காலத்தின் தோட்டம்' என்றார்கள். பலர் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு பூப்பூவாய் வந்தார்கள். தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா காலத்தைப் பிடித்தார். மணற்கடிகாரத்தை நினைத்து மணலால் ஆன உடை! அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாமல், ஆட்கள் தூக்கித்தான் படியேற்றினார்கள். டிசைன் அருமை, பயன்பாட்டில் அரியர்.

என்னை நிறுத்தியவர் வேறொருவர். 2022-ன் உடைத் தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பணக்காரர்கள் செழித்த காலம் பற்றியது. அந்தக் காலத்தின் பெயரே 'தங்க முலாம் பூசிய காலம்'. பலர் முலாம் பக்கமே போனார்கள். ரிஸ் அகமது என்ற பிரிட்டிஷ் நடிகரோ பனியன், மேல்சட்டை, பூட்ஸ் என்று ஒரு கூலித் தொழிலாளியாக வந்தார். அந்தப் பளபளப்பைத் தாங்கிய குடியேறித் தொழிலாளர்களுக்கு இது என் மரியாதை என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இதே கல்லூரியில் 'பாரம்பரிய தினம்' கொண்டாடினோம். நண்பர்கள் பட்டு வேட்டி வாங்கினார்கள், சிலர் வாடகைக்கு எடுத்தார்கள். நான் "காய்ச்சல்டா" என்று சொல்லிவிட்டு விடுதி அறையில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. பட்டு இல்லை. என் அப்பா ஆரணிப் பக்கம் குழித்தறியில் கூலிக்குப் பட்டுச் சேலை நெய்தவர். வெள்ளி மேல் தங்க முலாம் பூசிய ஜரிகையை வாழ்நாளெல்லாம் கையாண்டவர். எங்கள் வீட்டில் மட்டும் பட்டு கிடையாது.

அன்று யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. 'பாரம்பரியம்' என்றால் பட்டு என்று நானே பொருள் எடுத்துக்கொண்டேன். அப்பா தறியில் உட்காரும்போது கட்டும் பருத்தி வேட்டியும் தோள் துண்டும் பாரம்பரியம் இல்லையா? நாலு தலைமுறைப் பாரம்பரியம் சார் அது! அது எனக்கு அன்று தோன்றவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவும் முடியாமல் போயிற்று. 2020-ல் காலமாகிவிட்டார்.

தம்பி தங்கைகளே, தலைப்பு யார் கொடுத்தாலும் பொருள் சொல்லும் உரிமை உங்களுடையது. பொய்க் காய்ச்சல் வேண்டாம். நிகழ்ச்சி நடத்தும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைப்பு வையுங்கள், ஆனால் காசில்லாதவனும் நுழையும்படி வையுங்கள்.

என் தோளில் இருக்கும் இந்தப் பழைய துண்டை முன்வரிசையில் சிலர் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். இது அப்பாவுடையது. இன்று மாலையும் இதோடுதான் வருவேன்.