மூச்சைப் பற்றிக் கேட்கும் முறை



நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் பிள்ளைகள் பல நாடுகளில் வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் பணிபுரிகிறோம். அவர்களுள் அமெரிக்காவில் இருக்கும் நாம், அங்குள்ள கறுப்பின மக்களின் தொய்வு நோய் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே தொய்வினால் கறுப்பினத்தவர் இறக்கும் வீதம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இது பிறப்பில் வந்த குறையென்று சொல்லி ஒதுக்கக்கூடியதன்று. வாகனப் புகை, பூஞ்சணம் பிடித்த வாடகை வீடு, காப்புறுதி இன்மை, மருந்தின் விலை எல்லாம் சேர்ந்தே மூச்சை இறுக்குகின்றன. நுரையீரல் பரிசோதனையிலும் கறுப்பினத்தவருக்கு வேறு அளவுகோல் இருந்தது. குறைந்த மூச்சே அவர்களுக்கு இயல்பெனக் கணிக்கப்பட்டது. இன வேறுபாடற்ற அளவுகோலை அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் 2023 இல்தான் பரிந்துரைத்தது.

வீட்டையும் வீதியையும் குடும்ப வைத்தியர் மாற்ற இயலாது. தாம் கேட்கும் கேள்வியை மாற்றலாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை" என்பார்கள். பல வருடம் இழுப்போடு வாழ்ந்தவருக்கு அதுவே வழமை. "கடந்த நாலு கிழமையில் எத்தனை இரவு மூச்சு முட்டி எழும்பினீர்கள்? நிவாரணப் பம்பை எத்தனை தரம் பாவித்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். தொய்வுக் கட்டுப்பாட்டுச் சோதனை இத்தகைய ஐந்து கேள்விகளே. மொத்தப் புள்ளி 25. 19 அல்லது அதற்குக் குறைவெனில் நோய் கட்டுப்பாட்டில் இல்லை.

பின்னர், பம்பை இழுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். நிவாரணப் பம்பு மூச்சுக் குழாயை விரிக்கும்; அதன் உள்ளே உள்ள அழற்சியைத் தணிப்பது ஸ்டெரொய்ட் பம்பு. அந்தப் பெயருக்கே பயந்து நிறுத்தியவர்களும், பணமின்றி விட்டுவிட்டுப் பாவிப்பவர்களும் உண்டு. அதட்டினால் இரண்டையும் மறைப்பார்கள். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களை அரசாங்கச் சுகாதாரச் சேவையே சிகிச்சையின்றி அவதானித்துக்கொண்டிருந்தது. அதை மறவாத சமூகத்திடம் நம்பிக்கையை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2022 இல் வெளியான 'பிரிப்பெயர்' ஆய்வில் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமாக 1201 பேர் பங்குபற்றினர். வழமையான சிகிச்சையோடு, நிவாரணப் பம்பை எடுக்கும் போதெல்லாம் ஸ்டெரொய்ட் பம்பையும் எடுக்கும்படி ஒரு பகுதியினருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் கற்பித்தது ஒரேயொரு தடவை. கடுமையான தாக்கங்கள் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தன.

சகோதரிகளே, எந்த நாட்டில் யாருக்குப் பணி செய்தாலும், "பரவாயில்லை" என்ற விடையோடு கேள்வியை நிறுத்தாதீர்கள். நோயாளியாக வைத்தியரிடம் செல்லும்போதும் அந்தச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். தூங்காத இரவுகளை எண்ணிச் சொல்லுங்கள்.