கத்திக்கு வழிகாட்டும் படம்

நாலுபேர் நடுவே சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. ஆசனவாயின் அருகே தோன்றும் சீழ்க்கட்டி அவற்றுள் ஒன்று. மூலம் என்று தாமே முடிவு செய்து, களிம்பு தடவி நாட்களைக் கடத்துவோர் பலர். வலியும் காய்ச்சலும் மிகுந்து, உட்காரவே இயலாத நிலையில்தான் வைத்தியரை நாடுகிறார்கள்.

ஆசனவாயைச் சுற்றி உள்ளும் புறமுமாக இரண்டு சுருக்குத் தசைகள் அமைந்துள்ளன. மலத்தை அடக்கும் ஆற்றலை நமக்கு அளிப்பவை இவையே. இவற்றின் இடையே சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றின் வாய் அடைபட்டுக் கிருமிகள் பெருகினால் சீழ் கட்டுகிறது. அது கீழே இறங்கினால் தோலடியில் வீங்கிக் கண்ணுக்கே தெரியும். இதற்குப் பெரும்பாலும் படம் வேண்டியதில்லை. தாமதமின்றிக் கீறி வெளியேற்றுவதே முறை. மாத்திரைகளை மட்டும் நம்பிக் காத்திருப்பது, முக்கியமாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, ஆபத்தாகும்.

எல்லாச் சீழும் இவ்வாறு எளிதில் அகப்படுவதில்லை. புறத்தசையைத் துளைத்துச் சென்று பிட்டத்தின் கொழுப்பில் தேங்குவதுண்டு; பின்புறமாக வளைந்து குதிரை லாடம்போல் இருபுறமும் பரவுவதுண்டு; மேலே ஏறி இடுப்புத் தளத்தின் தசைக்கு அப்பால் ஒளிந்துகொள்வதும் உண்டு. அப்போது வெளியே வீக்கமோ சிவப்போ தெரியாமலும் போகலாம்.

சிகிச்சையில் சிக்கல் எழுவது இங்கேதான். ஒளிந்த சீழ் இரு தசைகளுக்கும் நடுவே ஏறி வந்ததாயின், அதை மலக்குடலின் உட்புறமாகத் திறந்துவிட வேண்டும். பிட்டத்துக் கொழுப்பின் வழியே ஏறி வந்ததாயின், தோலின் வழியே வெளியேற்ற வேண்டும். வழியை மாற்றித் திறந்தால், சுருக்குத் தசைகளையே சுற்றிச் செல்லும் புதிய புரை ஒன்று உண்டாகிவிடும். அதைக் குணப்படுத்தப் புகுந்தால் மலத்தை அடக்கும் ஆற்றலே பறிபோகலாம். ஆகவே, சீழ் இருக்கும் இடத்தை மட்டுமன்றி, அது வந்த வழியையும் கத்தி எடுக்குமுன் அறிந்தாக வேண்டும்.

அவசர வேளையில் சி.டி. படம் விரைவில் கிடைக்கும். ஆசனவாயினுள் கருவியைச் செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்ட், தசைகளை நன்கு காட்டும். ஆழத்தில் ஓடும் கிளைகளைக் காட்டுவதில் காந்தத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. சிறந்தது, கொழுப்பின் ஒளியை அடக்கி எடுத்தால் சீழ் வெண்மையாகத் துலங்கும்.

கட்டி உடைந்தபின் ஆறாமல் நிற்கும் புரையைப் பௌத்திரம் என்கிறோம். வடமொழி வைத்திய நூல்கள் பகந்தரம் என்கின்றன. ஆங்கிலேயர் வழங்கும் ஃபிஸ்டுலா என்ற சொல்லுக்கு லத்தீனில் குழல் என்பது பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கிறது. படத்தில் தேட வேண்டியது அந்தக் குழலைத்தானே!

லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையினர் 2002-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பௌத்திரம் மீண்டும் வந்துவிட்ட 71 பேரைப் பற்றியது அது. சஸ்திர வைத்தியர் கண்டதும் எம்.ஆர்.ஐ. காட்டியதும் 40 பேரிடம் ஒத்திருந்தன. அவர்களில் 5 பேருக்கே நோய் திரும்பியது. ஒவ்வாதிருந்த 31 பேரில் 16 பேருக்குத் திரும்பியது. அந்தப் 16 பேருக்கும் படம் முன்னரே சுட்டிய அதே இடத்தில்தான் திரும்பியது! தேர்ந்த விரலுக்கும் எட்டாத கிளை ஒன்று உள்ளே எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆதலால், ஒருமுறை கீறிய கட்டி மறுபடி தோன்றினாலும், வெளியே ஏதும் தெரியாமல் உள்ளே வலித்துக் காய்ச்சல் அடித்தாலும், படம் எடுக்க வேண்டுமா என்று வைத்தியரைக் கூச்சமின்றிக் கேளுங்கள். பழைய படங்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். முன்பு எந்த வழியாகத் திறந்தார்கள் என்பதை அடுத்து வரும் வைத்தியர் அவற்றைக் கொண்டே அறிவார்.