மலையைக் காக்க முதலில் ஊரைக் கேட்போம்

(வானொலி வேளாண் உரை)



பொட்டிபுரம், சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் புன்செய்க்காரர்களுக்கும், குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளில் இலவமும் காப்பியும் வைத்திருப்பவர்களுக்கும் மாசி, பங்குனி வந்தால் ஒரு கவலை வந்துவிடும். ராத்திரி மேற்கே பார்த்தால் மலைக்கு மாலை போட்டது போல தீ எரியும். அந்தத் தீயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தீ ஏன் பிடிக்கிறது, அதை ஊரோடு சேர்ந்து எப்படிக் குறைப்பது என்பதுதான் பேச்சு.

தீயினால் வரும் நஷ்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. புல்லும் சருகும் எரிந்துபோனால் மண்ணுக்குப் போர்வை இல்லை. சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தால் மேல்மண் கரைந்து, ஓடை வழியாக வந்து கண்மாயில் படிகிறது. தண்ணீர் பூமிக்குள் இறங்காமல் ஓடிவிடுகிறது. ஊற்று சீக்கிரம் வற்றுகிறது. மேலே ஏலத்துக்கு வேண்டிய நிழலும் குளிர்ச்சியும் குறைகின்றன. மேலே ஏலத்தோட்டமும் கீழே கிணறும் ஒரே மலையை நம்பித்தான் இருக்கின்றன.

உயிர்ச் சேதமும் உண்டு. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில், மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் மாண்டுபோனதை யாரால் மறக்க முடியும்? அன்று ஓடிப்போய்க் கைகொடுத்தவர்களில் அந்த மலை ஊர்க்காரர்கள் முன்னால் நின்றார்கள்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு அடிவார ஊர் ஒன்றில் காட்டுத்தீ பற்றிக் கூட்டம் போட்டேன். படம், நோட்டீசு எல்லாம் கொண்டு போனேன். நேரம் காலை 11 மணி. வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போன பெண்கள் இல்லை. ஆடு மாடு ஓட்டிப் போனவர்கள் இல்லை. விறகுக்குப் போனவர்கள் இல்லை. மலையில் தினமும் யார் கால் படுகிறதோ, அவர்களில் ஒருவர்கூட இல்லை. நான் பேசிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பங்குனியிலும் அதே சரிவு எரிந்தது.

மறு வருஷம் ராத்திரி 8 மணிக்குப் போய் மந்தையில் உட்கார்ந்தேன். நோட்டீசு கொண்டு போகவில்லை. ஆடு மேய்க்கிற ஒரு அம்மா கேட்டார்: "தீ வைக்காதீக, தீ வைக்காதீகன்னு வருஷா வருஷம் சொல்றீக சார். பங்குனியில ஆட்டுக்கு எதைக் காட்டுறதுன்னு ஒரு வருஷமாச்சும் சொன்னீகளா?"

என்னிடம் பதில் இல்லை. காய்ந்த முரட்டுப் புல்லை எரித்தால், ஒரு மழைக்குப் பிறகு இளம்புல் தளிர்க்கும், ஆடு கடிக்கும். அந்த அம்மா கணக்கில் அது தீவனம். இன்னொருவர், தேனெடுக்கும்போது கொளுத்திய பந்தத்தை அணைக்காமல் விடுவதைச் சொன்னார். வேறொருவர், தோட்ட ஓரத்துச் சருகை எரிக்கும்போது காற்று தூக்கிக்கொண்டு போவதைச் சொன்னார். ஆக, தீ ஒன்று, காரணம் மூன்று. ஒரே நோட்டீசு எப்படிப் பலிக்கும்?

மண்ணைச் சோதித்த பிறகுதான் உரம் போடுங்கள் என்று உங்களுக்குச் சொல்கிறோம். ஊரைச் சோதிக்காமல் நாங்கள் யோசனை சொல்லலாமா? யாருக்கு என்ன தேவை, யார் சொன்னால் யார் கேட்பார்கள், ஒரு தடை போட்டால் யார் வயிற்றில் அடிக்கிறது என்று கேட்டு அறிவதைத்தான் சமூக அறிவியல் என்கிறார்கள். தெரிந்துகொண்டதால் மட்டும் மனிதன் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. மாற வழி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் மாற வேண்டும்.

இதற்கு மலைக்கு அந்தப் பக்கமே ஒரு சான்று இருக்கிறது. தேக்கடி பெரியார் புலிகள் காப்பகத்தில் வயனா என்ற காட்டு லவங்கப்பட்டை மரத்தைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வழக்கும் சிறையும் பார்த்தும் தொழிலை விடவில்லை. 1996இல் அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின், வனத்துறையினர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அதன் பிறகு அவர்களே ஒரு குழுவாகி, சுற்றுலா வருபவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டும் வேலையை ஏற்றார்கள். கூடவே காவலும் காத்தார்கள். திருடப் போன தடமெல்லாம் அவர்களுக்குத்தானே தெரியும்? 2002இல் அங்கத்திய பெண்கள் வசந்த சேனா என்று ஒரு குழு அமைத்து, கூலி வாங்காமல் காட்டைச் சுற்றிக் காவல் காக்கத் தொடங்கினார்கள். பிழைப்புக்கு வழி கிடைத்ததும், காடு நம்முடையது என்ற எண்ணம் வந்தது.

பேச்சு முறையாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பொட்டிபுரமே சாட்சி. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு போராட்டம், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம். 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைச் சொன்னது. நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்து வந்து ஒவ்வொரு விநாடியும் நம் உடம்பை ஊடுருவிப் போகும் நுண்துகள்; அதனால் நமக்குத் தீங்கில்லை. ஆனால் ஊரார் கேட்டது அதை மட்டுமல்ல. பாறைக்கு வெடி வைத்தால் கிணறு என்ன ஆகும், மேய்ச்சல் என்ன ஆகும் என்று கேட்டார்கள். திட்டம் சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. படித்தவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, ஊர் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் நம்பிக்கை வளராது. அவ்வளவுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? தை மாதத்திலேயே, வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு ஊர் கூடுங்கள். மந்தையில் கோலப்பொடியால் மலையை வரையுங்கள். ஓடை, ஊற்று, மேய்ச்சல், போன வருஷம் எரிந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பெண்களையும் மேய்ச்சல்காரர்களையும் தனியாகவும் பேசவிடுங்கள்; பெரிய கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை. தீ எங்கே எதனால் பிடிக்கிறது என்று தெரிந்தால், வனத்துறையிடம் கேட்டு அந்த இடத்தில் தீத்தடுப்புக் கோடு வெட்டலாம்.

கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் பத்து சென்டிலாவது தீவனச் சோளம் போடுங்கள். வேலியில் அகத்தி, சூபாபுல் வையுங்கள். சோளத்தட்டையைக் கோடைக்குப் பத்திரப்படுத்துங்கள். இல்லாதவருக்கு இருப்பவர் விலைக்காவது கொடுக்க ஊரில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஊர்க் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, பள்ளிச் சுவரில் எழுதி வைக்கட்டும். அதைவிடப் பெரிய சுற்றுச்சூழல் பாடம் இல்லை.

நான் சொன்ன அந்த ஊரில் அதற்குப் பிறகு தீயே பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது தீ தெரிந்தால் முதல் தகவல் ஊரிலிருந்துதான் வருகிறது. கேள்வி கேட்ட அந்த அம்மா வீட்டுக் கொல்லையில் அகத்தி வளர்ந்து நிற்கிறது.

வரும் தை மாதம் உங்கள் ஊர் மந்தையிலும் ஒரு கோலம் போடுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.